எட்டு கிலோ

எடைமேசையின் நான்காவது காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்த செங்கல்
செங்கல் இல்லை, சமஸ்கிருத அகராதி.
சிர்சி பாக்கு மண்டியில் பதினோரு வருஷம் கணக்கெழுதியும்
புதன்கிழமைதான் தெரிந்தது,
புது இரும்பு மேசை வந்து இறங்கிய அன்று.

உயிரெழுத்துகளைக் கரையான் தின்றிருந்தது.
'க'வில் பிறந்து
'ப' முடிவதற்குள் செத்துப்போகிற புத்தகம்.
மின்சாரம் போய் ஏலம் நின்ற நேரம்.
மாசி வெயில் தகரத்தின் மேல் உட்கார்ந்திருக்க,
எங்கள் சரக்குக்கு என்ன பெயர் என்று புரட்டினேன்.

பூகம்: கமுகு. சரி.
பூகம்: குவியல்.
நிமிர்ந்து பார்த்தேன்.
சாலி வெள்ளையாய், ராசி சிவப்பாய்
கூடம் நிறையக் குவியல்.
(ராசி என்றாலும் குவியல்தான்,
ஜாதகக் கட்டத்தில் தேட வேண்டாம்.)
பூகம்: கூட்டம்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
பல சாதியார், இன்ன தொழில் என்றில்லாதவர்,
காசின் பொருட்டுக் கூடுகிறவர்;
வழக்கு வந்தால் தீர்த்தும் வைப்பர்.

பட்டணத்துக்கு வழி கேட்டால்
கொட்டைப்பாக்கு விலை சொன்னானாம் ஒருத்தன்.
இந்தப் புத்தகம் அவனுக்கு நேர் எதிர்.

அப்போதுதான் சத்தம்.
குவியல் நூற்றுப் பதினான்கு, நரசிங்க பட்டருடையது.
வந்த அன்று ஆறு குவிண்டால்.
இன்று எட்டு கிலோ குறைகிறது.
மூட்டையைத் தொட்டவன் ஒருவன்தான் என்று
பட்டர் விரல் நீட்டிய இடத்தில்
பாஸ்தியாவ் சித்தி நின்றான்,
தோளில் சாக்குத்தூசி, கையில் கொக்கி.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கொக்கியை மட்டும் தரையில் வைத்தான், மெதுவாக,
சத்தம் வராமல்.

கூடிவிட்டார்கள்.
தராசு மக்தூம் சாப் படிக்கல்லைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.
கான்பூர் தரகர் பிரிஜ்கிஷோர்
இந்தியில் ஒரு தரமும் கன்னடத்தில் ஒரு தரமும்
தனக்குச் சம்பந்தமில்லை என்றார்.
டீக்காரப் பையன் கூடக் கருத்துச் சொன்னான்.
யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத பஞ்சாயத்து.

கூலி பாக்கிக்கு வந்திருந்த ஹொன்னி
கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.
குனிந்து ஒரு பாக்கை எடுத்தாள்.
கடித்தாள். துப்பினாள்.
"உரிச்சவ நான்.
இன்னும் பத்து நாள் காயணும்னேன்.
விலை ஏறுதுன்னு அவசரமா மூட்டை கட்டினது யாரு?
இப்ப காஞ்சிருக்கு.
தண்ணி போச்சு, எடை போச்சு.
கள்ளனைப் பிடிக்கணும்னா
அண்ணாந்து பாருங்க."

நாலைந்து பேர் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தார்கள்.
தகரத்தில் ஆணி ஓட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வெயில்.

பாஸ்தியாவ் கொக்கியை எடுத்துக்கொண்டான்.
க்ஷமை என்ற சொல்
அந்தப் புத்தகத்தில் பத்திரமாகவே இருந்தது,
'க' வரிசைதானே.
பட்டர் தேடவில்லை.
சத்தியம் இருந்திருக்க வேண்டிய பக்கங்கள்
எந்த மழையில் போயினவோ.

கூட்டம் கலைந்ததும் மறுபடி புரட்டினேன்.
கபுரம்: அதுவும் கமுகுதான்.
கபுரம்: ஆகாயத்தில் தொங்கும் பட்டணம்.
ஓ,
வழி சொல்லத்தான் செய்கிறது.
எட்டு கிலோ ஈரம் அங்கே
யார் வீட்டுக் கொடியில் துணியை நனைக்கிறதோ.

பேரேட்டில் எழுதினேன்:
குறைவு: 8 கிலோ. காரணம்: வானம்.
மேனேஜர் சிவப்பு மையால் அடித்து
'உலர்வு' என்று திருத்தினார்.
இரண்டும் ஒன்றுதான் என்று நான் வாதாடவில்லை.

பூகத்துக்கு இன்னும் ஓர் அர்த்தம் போட்டிருந்தது:
இயல்பு.
எதன் இயல்பு, யாருடையது, விளக்கம் இல்லை.
அந்த இடத்தில் ஒரு பூச்சி ஓட்டை.

சாயங்காலம் ஏலத்தில் நூற்றுப் பதினான்கு
நல்ல விலைக்கே போனது.
ஏற்றியவன் பாஸ்தியாவ்.
புது மேசையும் ஆடுகிறது.
புத்தகத்தை முட்டுக் கொடுக்கக் கேட்டார்கள்.
செங்கல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.